காலையில் இழுக்காத டீசல் பிக்கப், சூடானதும் சரியாகிவிடுகிறது: எங்கே தேடுவது?

கேத்தி கேரட் | சனவரி 4, இரவு 8.10

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் கேத்தி பாலாடா பக்கம். வண்டி 2.5 லிட்டர் டர்போ டீசல் பிக்கப், காமன் ரயில் (டீசல் தெளிக்கும் நாசில்களுக்கெல்லாம் பொதுவான ஒரு குழாயில் டீசலை அழுத்தி வைக்கும் வகை), பிஎஸ் 4 புகை விதி. ஓடியது 1,38,000 கிமீ. கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிற வண்டி.

ஒரு மாதமாக ஒரே தொல்லை. விடிகாலை ஐந்து மணிக்கு ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிவிடும். ஐடிலில் ஆட்டம் இல்லை, மிஸ்ஸிங் இல்லை. கேரட் கழுவும் இடத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு 3 கிமீ ஏற்றம். அங்கேதான் சிக்கல். இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினாலும் 2000 ஆர்பிஎம் தாண்டாது. பின்னால் யாரோ கயிறு கட்டிப் பிடித்திருக்கிற மாதிரி இருக்கும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் இப்படித் திணறிவிட்டு, திடீரென்று கயிறு அறுந்தது போலப் பாயும். அப்புறம் நாள் முழுக்கக் கோளாறே இல்லை. மதியம் குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் சிரித்துக்கொண்டே ஏறுகிறது. ஒரு நாள் மேட்டுப்பாளையத்தில் தங்கினேன், மறுநாள் காலையிலும் ஒன்றும் இல்லை. செக் எஞ்சின் லைட் எரியவே இல்லை.

இதுவரை செய்தது: நான்கு ஹீட்டர் பிளக்கும் புதிது, இஜிஆர் (புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பிவிடும் வால்வு) கழற்றிக் கழுவியாயிற்று, ஏர் ஃபில்டர் புதிது. அடுத்து டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது) என்கிறார் மெக்கானிக். 35,000 ஆகுமாம். அவரைக் குறை சொல்லவில்லை. வண்டி அவர் செட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி பத்து. எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்கும், கோளாறு ஓடி ஒளிந்திருக்கும்.

டர்போ தம்பி | சனவரி 4, இரவு 8.42

டர்போதான் அண்ணா, சந்தேகமே வேண்டாம். உங்களுடையது வேரியபிள் வேன் (அசையும் இதழ்) டர்போ என்றால் உள்ளே கரி படிந்து இதழ் சிக்கிக்கொள்ளும். குளிரில் கரி இறுகும், சூட்டில் இளகும். என் காரிலும் அச்சு அசல் இதே கதை. மாற்றிவிடுங்கள்.

நுவரெலியா வேன் | சனவரி 4, இரவு 9.15

நாங்களும் குளிர் ஊர்தான். ஹீட்டர் பிளக்கை மாற்றியது வீண் செலவு என்றே எனக்குப் படுகிறது. அது பழுதானால் ஸ்டார்ட் எடுக்கக் கஷ்டப்படும், வெள்ளைப் புகை கக்கும், ஒன்றிரண்டு நிமிடம் நடுங்கும். ஐந்து நிமிடம் ஓடிய பிறகும் லோடில் இழுக்காமல் இருக்க அது காரணம் ஆகாது.

என்னுடைய பழைய வேன் மெக்கானிக்கல் பம்ப். அதில் டீசல் லைனில் ஏர் எடுத்தது. இரவில் டீசல் எல்லாம் டேங்குக்கே இறங்கிவிடும், காலையில் ஹேண்ட் பம்பை அமுக்கி அமுக்கிக் கை ஓய்ந்துபோகும். உங்கள் வண்டி ஒரே செல்ஃபில் எடுக்கிறது என்கிறீர்கள். அதனால் அதுவும் இல்லை போல.

பம்ப்ரூம் | சனவரி 4, இரவு 10.05

தம்பி, முதலில் பர்ஸை மூடி வையுங்கள். கோவையில் 30 வருடம் டீசல் பம்ப், நாசில் வேலை பார்த்தவன் நான். கோளாறு கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது பார்க்காமல் மாற்றிய சாமான்களை ஒரு லாரியில் ஏற்றலாம்.

ஒரே கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இழுக்காமல் திணறும் அந்த நேரத்தில் புகை என்ன நிறம்?

கறுப்புப் புகையோடு இழுக்கவில்லை என்றால் டீசல் போகிறது, காற்று போதவில்லை. டர்போ, அதன் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ், திறந்தபடி சிக்கிய இஜிஆர், அடைத்த ஏர் ஃபில்டர் எல்லாம் அந்தப் பக்கம். புகையே இல்லாமல் இழுக்கவில்லை என்றால் காற்று இருக்கிறது, டீசல்தான் வரவில்லை. அல்லது வரவேண்டாம் என்று ஈசிஎம், அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர், தடுக்கிறது. வெள்ளைப் புகை என்றால் டீசல் உள்ளே போகிறது, எரியாமல் வெளியே வருகிறது. பாதி வண்டிகளில் இந்த ஒரு கேள்வியே வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும்.

இன்னொன்று. குளிர்ந்த எஞ்சினில் முதல் இரண்டு மூன்று நிமிடம் கொஞ்சம் மந்தமாக இருப்பது கோளாறே இல்லை. ஆயில் கெட்டியாக இருக்கும். சில வண்டிகளில் எஞ்சினைக் காப்பாற்ற ஈசிஎம்மே டார்க்கை (இழுவிசையை) குறைத்து வைக்கும். ஆனால் பன்னிரண்டு நிமிடம், அதுவும் 2000 தாண்டாமல் என்பது அந்தக் கணக்கில் வராது.

கேத்தி கேரட் | சனவரி 5, காலை 7.20

ஐயா, இன்றைக்கே பார்க்கலாம் என்று நினைத்தேன். ஐந்து மணிக்கு இருட்டு, போதாததற்கு மூடுபனி. கண்ணாடியில் பார்த்தால் எல்லாமே வெள்ளைப் புகைதான்.

நாமக்கல் பத்து சக்கரம் | சனவரி 5, காலை 9.30

பின்னால் ஒருவரை பைக்கில் வரச் சொல்லுங்கள். ஹெட்லைட் வெளிச்சம் சைலன்சர் மேல் விழுகிற தூரத்தில் வரட்டும், மிக ஒட்டி வேண்டாம், நீங்கள் லோடோடு ஏறுகிறீர்கள். நீராவி என்றால் இரண்டடியில் கரைந்துவிடும். டீசல் எரியாத வெள்ளைப் புகை கரையாது, தரையோடு தவழும், கண் எரியும். கறுப்பைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

கேத்தி கேரட் | சனவரி 6, மதியம் 1.15

மச்சான் பைக்கில் வந்தான். அவன் சொன்னது: கிளம்பியதும் கொஞ்சம் நீராவி, வந்த இடத்திலேயே கரைந்தது. ஏற்றத்தில் நான் முழுசாக மிதித்தபோது புகையே இல்லை. சுத்தம். ஆனால் அந்தக் கயிறு அறுந்த நொடியில் ஒரு கறுப்பு இழை பொசுக்கென்று வந்து நின்றதாம். அப்புறம் வளைவில் மிதிக்கும்போதெல்லாம் லேசாக வந்ததாம்.

பம்ப்ரூம் | சனவரி 6, மதியம் 2.00

உங்கள் மச்சானுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். சூடான பிறகு மிதித்தால் லேசாகக் கறுப்பு வருகிறது. 1,38,000 ஓடிய பிஎஸ் 4 வண்டிக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் குளிரில் முழுசாக மிதித்தும் அது கூட வரவில்லை. அப்படியானால் டீசல் போய்ச் சேரவில்லை. இப்போதைக்கு டர்போவை ஓரமாக வைப்போம்.

இனி அளவு வேண்டும். ஸ்கேன் பண்ணத் தெரிந்தவர் யாராவது இருந்தால் தம்பிக்குச் சொல்லுங்கள், எனக்கு அந்த மொபைல் ஆப் எல்லாம் பேரன் வந்தால்தான் ஓடும்.

ஸ்கேன் பண்ணு | சனவரி 6, மாலை 6.40

நான் சொல்கிறேன். வண்டியின் அளவுகளைப் போனில் காட்டும் ஈஎல்எம் 327 ப்ளூடூத் அடாப்டர் ஒன்று போதும், ஸ்டியரிங்குக்குக் கீழே சாக்கெட் இருக்கும். செய்ய வேண்டியது இந்த வரிசையில்:

இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்து மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கூலன்ட் வெப்பம், உள்ளே வரும் காற்றின் வெப்பம், மேப் சென்சார் அழுத்தம் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்). முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக, வெளியில் இருக்கும் குளிருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் 60 என்றோ மைனஸ் 40 என்றோ காட்டினால் சென்சாரோ வயரோ பொய் சொல்கிறது. அந்தப் பொய்யை நம்பித்தான் ஈசிஎம் டீசல் அளக்கும்.

அப்புறம் ஓட்டும்போது ஆப்பில் நான்கே நான்கு அளவுகளை வையுங்கள்: ஆர்பிஎம், ரயில் பிரஷர், மேப், கூலன்ட். பதினைந்து வைத்தால் ஒவ்வொன்றும் மெதுவாகத்தான் புதுப்பிக்கும், விழுகிற கணம் கண்ணில் படாது. ரெக்கார்ட் போட்டுவிட்டு ரோட்டைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். குளிரில் எடுத்த அதே வளைவில், அதே கியரில், அதே மிதியில் சூடான பிறகும் ஒரு தடவை எடுங்கள்.

முக்கியமாக, திணறி முடித்ததும் எஞ்சினை நிறுத்தாமல் கோளாறு கோட் (ஈசிஎம் பதிந்து வைக்கும் எண்) படியுங்கள். உறுதியான கோட் இல்லாவிட்டாலும் பெண்டிங் (இன்னும் உறுதியாகாதவை) என்று ஒரு பகுதி இருக்கும், அதைப் பாருங்கள்.

கேத்தி கேரட் | சனவரி 8, காலை 11.30

எடுத்துவிட்டேன். திரும்பி வந்து அதே வளைவில் இன்னொரு தடவை ஏறியதில் மண்டிக்கு இருபது நிமிடம் தாமதம், அது வேறு கதை.

சாவி மட்டும் ஆன், காலை 4.50: கூலன்ட் 7, காற்று 6, மேப் 79.
ஐடில்: ரயில் பிரஷர் 31,000 கேபிஏ.
குளிரில், கோயில் வளைவு, இரண்டாவது கியர், முழு மிதி, 1900 ஆர்பிஎம்: ரயில் 54,000. மேப் 112.
சூடான பின், அதே வளைவு, அதே கியர், அதே மிதி: ரயில் 1,18,000. மேப் 176. கூலன்ட் 74.

பெண்டிங்கில் ஒரு கோட்: பி 0087.

டர்போ தம்பி | சனவரி 8, மதியம் 12.05

பார்த்தீர்களா! எஞ்சின் ஓடாதபோது மேப் 100 காட்ட வேண்டும், 79 காட்டுகிறது. சென்சார் அவுட். லோடில் வெறும் 112. பூஸ்ட்டே (டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தம்) வரவில்லை. நான் முதல் நாளே சொன்னேன்.

பம்ப்ரூம் | சனவரி 8, மதியம் 1.40

டர்போ தம்பி, கோபப்படாமல் கேளுங்கள். 100 என்பது கடற்கரைக் கணக்கு. கேத்தி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2000 மீட்டர் மேலே. அங்கே காற்றழுத்தமே 79, 80தான். அந்த சென்சார் 100 காட்டியிருந்தால்தான் தூக்கிப் போட்டிருப்பேன். அதே வண்டி மேட்டுப்பாளையத்தில் நிற்கும்போது சாவியை ஆன் செய்தால் 97 பக்கம் காட்டும், தம்பி சரிபார்த்துக்கொள்ளலாம்.

இப்போது பூஸ்ட். 112 குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் டர்போவைச் சுற்றுவது எது? சைலன்சருக்குப் போகும் சூடான புகைதான். டீசல் குறைவாக எரிந்தால் புகையில் சூடும் வேகமும் இருக்காது, டர்போ சோம்பலாகச் சுற்றும், பூஸ்ட் விழும். பூஸ்ட் குறைந்ததால் இழுக்கவில்லையா, இழுக்கும் அளவுக்கு டீசல் எரியாததால் பூஸ்ட் குறைந்ததா? இரண்டும் ஒன்றாக விழுந்திருக்கும்போது எது முதலில் விழுந்தது என்று பார்க்க வேண்டும். ஸ்கேன் பண்ணு, அந்த ரெக்கார்டை வாங்கிப் பாருங்கள்.

ரயில் பிரஷரைப் படிக்கிற விதம்: 100 கேபிஏ ஒரு பார். ஐடிலில் 310 பார், நல்ல அளவு. சூட்டில் 1180, குளிரில் அதே மிதிக்கு 540. பாதிகூட இல்லை. பி 0087 சொல்வதும் அதையே, ரயிலில் அழுத்தம் போதவில்லை.

ஸ்கேன் பண்ணு | சனவரி 8, இரவு 8.20

ரெக்கார்ட் பார்த்தேன். முழு மிதி விழுந்ததும் ரயில் 900 பார் வரை ஏறுகிறது, ஒன்றரை நொடியில் சரியத் தொடங்கி 540இல் நிற்கிறது. மேப் அதுவரை 130 வரை ஏறி, ரயில் சரிந்த பிறகுதான் இறங்குகிறது. ஐயா சொன்னது சரி, முதலில் விழுந்தது டீசல் அழுத்தம்.

லைட் ஏன் எரியவில்லை என்பதும் புரிந்தது. பெண்டிங் கோட் உறுதியாக அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிய வேண்டும். இவர் அடுத்த தடவை ஸ்டார்ட் செய்வது மேட்டுப்பாளையத்தில், மதிய வெயிலில். அந்த ஓட்டம் சுத்தமாக முடிவதால் பெண்டிங் அழிந்துவிடுகிறது. பத்து மணிக்கு செட்டில் ஸ்கேன் செய்தவருக்கு ஒன்றும் கிடைக்காததில் ஆச்சரியமில்லை.

கேத்தி கேரட் | சனவரி 8, இரவு 9.00

அப்படியானால் ஹை பிரஷர் பம்பா, நாசிலா? இரண்டும் டர்போவை விட விலை அதிகம் என்கிறார்களே. வயிற்றைக் கலக்குகிறது.

பம்ப்ரூம் | சனவரி 8, இரவு 9.50

கலங்க வேண்டாம். பம்ப் தேய்ந்திருந்தாலும் நாசில் ரிட்டர்னில் அதிகம் ஒழுகினாலும் சூட்டில்தான் மோசமாகும். சூடான டீசல் தண்ணீர் மாதிரி, தேய்ந்த இடைவெளியில் எளிதாக வழியும். குளிரில் டீசல் கெட்டி, தேய்மானத்தைக் கொஞ்சம் மறைத்துவிடும். உங்களுக்கு நேர் எதிராக நடக்கிறது. குளிரில் மோசம், சூட்டில் சரி. அதனால் கெட்டியான டீசல் நுழைய முடியாத ஓர் இடுக்கு எங்கோ இருக்கிறது. பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கத்தில்.

டீசல் ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள்? உங்கள் வண்டியில் டேங்குக்குள் லிஃப்ட் பம்ப் உண்டா, இல்லை எஞ்சின் பம்பே உறிஞ்சுகிறதா?

ஒரு எச்சரிக்கை. இனி ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். எஞ்சின் ஓடும்போது ரயிலுக்குப் போகும் இரும்புக் குழாய்களின் நட்டைத் தளர்த்திப் பார்க்கச் சொன்னால் கேட்காதீர்கள். பழைய வண்டியில் செய்த வித்தை அது. இங்கே ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம், ஊசி மாதிரி தோலுக்குள் இறங்கும். மூன்று விரலை இழந்த ஒருவரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன்.

லே ரோடு | சனவரி 9, காலை 6.15

இராணுவத்தில் லடாக்கில் வண்டி ஓட்டியவன். டீசல் மெழுகு கட்டுகிறதோ? அங்கே சாதாரண டீசல் டேங்கிலேயே உறைந்துவிடும். சில சிவில் டிரைவர்கள் டேங்குக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்து உருக்குவார்கள். பார்க்கவே உடம்பு பதறும், தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் குளிர்கால டீசல் கொண்டுவந்தது, மைனஸ் 33 வரை ஓடும் தன்மை போகாது.

பம்ப்ரூம் | சனவரி 9, காலை 8.30

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். நம் ஐஎஸ் 1460 தரநிலையில், குளிரில் டீசல் ஃபில்டரை அடைக்கத் தொடங்கும் வெப்பநிலைக்கு ஒரு வரம்பு உண்டு. குளிர்கால டீசலுக்கு 6 டிகிரி, கோடைக்கால டீசலுக்கு 18. அது உச்ச வரம்பு, பங்கில் வருகிற டீசல் பெரும்பாலும் அதைவிட நன்றாகவே இருக்கும். இருந்தாலும் சமவெளியில் நிரப்பிய டீசலோடு மேலே போய் 5, 6 டிகிரியில் இரவு முழுக்க நின்றால் கொஞ்சம் மெழுகுத் துகள் மிதப்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அதே ஊரில் அதே டீசலில் நூறு பிக்கப் ஓடுகிறது. இவருக்கு மட்டும் ஏன்? அதனால் குளிர் பாதிக் காரணம். மீதிப் பாதி இவர் வண்டியில் இருக்கிறது.

கேத்தி கேரட் | சனவரி 9, மதியம் 12.40

ஃபில்டர் நவம்பரில்தான் மாற்றினேன். சந்தேகத்துக்கு நேற்று இன்னொன்று போட்டேன். இன்று காலை அதே திணறல். டேங்கில் பம்ப் கிடையாது, எஞ்சின் பம்புதான் உறிஞ்சுகிறது.

சொல்ல மறந்துவிட்டேன், பழைய ஃபில்டரின் அடியில் ஒரு மூடி அளவு தண்ணீர் வந்தது. அது சகஜம்தானே?

பம்ப்ரூம் | சனவரி 9, மதியம் 1.05

ஐந்து நாளாகக் கேள்வி கேட்கிறேன், இதை இப்போது சொல்கிறீர்களே! இரண்டு மாத ஃபில்டரில் ஒரு மூடி தண்ணீர் சகஜம் இல்லை தம்பி.

சரி. ஒரு முழ நீளத்துக்கு டீசல் தாங்கும் கண்ணாடி டியூப், அதாவது உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப், வாங்குங்கள். மெல்லிசாக இருந்தால் நல்லது. ஃபில்டரில் இருந்து பம்புக்குப் போகும் ஹோஸைக் கழற்றி அந்த இடத்தில் இதை மாட்டுங்கள். கிளிப் இறுக்கமாக இருக்கட்டும், ஹேண்ட் பம்பால் ஏர் எடுத்துவிடுங்கள். மறுநாள் விடிகாலை குளிரில், நின்ற இடத்திலேயே, நியூட்ரலில் 3000 வரை ரேஸ் பண்ணிப் பாருங்கள். உறிஞ்சும் பம்ப் லோடைப் பார்த்து வேலை செய்வதில்லை, எஞ்சின் வேகத்தைப் பார்த்தே உறிஞ்சும், அதனால் ஏற்றத்துக்குப் போக வேண்டியதில்லை.

குமிழி ஓடினால் எங்கோ ஏர் எடுக்கிறது. குமிழி இல்லாமல் டியூப் சப்பினால் பின்னால் அடைப்பு. இரண்டும் இல்லையென்றால் என் கணக்கு தப்பு, மேற்கொண்டு யோசிப்போம்.

கேத்தி கேரட் | சனவரி 11, காலை 6.30

ஐயா, சப்பிவிட்டது! ஐடிலில் உருண்டையாக, தேன் நிறத்தில் டீசல் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. 2000இல் டியூப் லேசாக ஒடுங்கியது. 3000இல் ஸ்ட்ராவில் இளநீரின் கடைசிச் சொட்டை உறிஞ்சும்போது ஆகுமே, அந்த மாதிரி ஒட்டிக்கொண்டது. ஒரு குமிழிகூட இல்லை. கால் எடுத்ததும் மெதுவாக விரிந்தது. மச்சான் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறான்.

முக்கால் மணி நேரம் ஐடிலில் விட்டு மறுபடி ரேஸ் செய்தேன். சப்பவில்லை.

நாமக்கல் பத்து சக்கரம் | சனவரி 11, காலை 8.10

ஃபில்டருக்கு வரும் லைனைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்து, காற்று பிடித்து டேங்க் பக்கம் ஊதுங்கள். கொடகொட என்று சத்தம் வந்து அடைப்பு விலகிவிடும். ரோட்டோரத்தில் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன்.

பம்ப்ரூம் | சனவரி 11, காலை 9.00

நடுரோட்டில் நின்றால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் இப்போது வேண்டாம். ஊதினால் அழுக்கு சல்லடையை விட்டு விலகி டேங்குக்குள் சுற்றும், வண்டி பறக்கும், நீங்கள் எனக்கு நன்றி சொல்வீர்கள். பத்து நாளில் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். காரணம் தெரியாமலே போய்விடும்.

அடைப்பு ஃபில்டருக்கு முன்னாலா பின்னாலா என்று முதலில் பிரிப்போம். சுத்தமான பத்து லிட்டர் கேனில் இதே வண்டியின் டீசலை எடுத்து, இரவு முழுக்க வண்டிக்குப் பக்கத்திலேயே பனியில் வையுங்கள். வீட்டுக்குள் அடுப்புப் பக்கம் வைத்துவிடாதீர்கள், டீசல் இளகிவிடும், அப்புறம் சோதனையே பொய். காலையில் ஃபில்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி, ஒரு சின்ன ஹோஸ் மூலம் கேனில் இருந்து உறிஞ்ச விடுங்கள். நின்ற இடத்தில் மட்டும். கேனைக் கட்டிக்கொண்டு ரோட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். ரிட்டர்ன் டீசல் டேங்குக்கே போகும், அதனால் கேன் சீக்கிரம் காலியாகும், ஒரு கண் வையுங்கள்.

கேத்தி கேரட் | சனவரி 12, காலை 6.05

வெளியே 5 டிகிரி. கேனில் இருந்து உறிஞ்சியபோது 3500 வரை ரேஸ் செய்தும் டியூப் சப்பவில்லை. பழைய லைனை மாட்டினேன், 3000இல் ஒட்டிக்கொண்டது. நம்பிக்கை வராமல் மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

பம்ப்ரூம் | சனவரி 12, காலை 7.30

ஆயிற்று. அதே குளிர், அதே டீசல், அதே ஃபில்டர், அதே பம்ப். மாறியது டேங்கும் அதிலிருந்து வரும் லைனும் மட்டுமே. டேங்கை இறக்குங்கள். தள்ளிப் போடாதீர்கள். ஹை பிரஷர் பம்புக்கு டீசல்தான் ஆயில், பட்டினி போட்டால் உள்ளே தேய்ந்து இரும்புத் தூள் நாசில் வரை போகும். அப்போதுதான் நிஜமாகவே வயிறு கலங்க வேண்டியிருக்கும்.

கேத்தி கேரட் | சனவரி 14, இரவு 7.45

பொங்கல் லோடு முடிந்ததும் நேற்று மதியம் நானும் மச்சானும் இறக்கினோம். எட்டு லிட்டர்தான் மிச்சம் இருந்தது.

உறிஞ்சும் குழாயின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், அதற்குள் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வலைச் சல்லடை. அதன் மேல் புளிக்கரைசலைக் காய்ச்சி ஊற்றிய மாதிரி ஒரு பழுப்புப் படலம். விரலில் எடுத்தால் வழவழப்பு, வாடை டீசல் வாடை இல்லை, முட்டை அழுகிய வாடை. சல்லடையில் கால்வாசி இடம்தான் வலை தெரிந்தது. டேங்க் அடியில் ஒன்றரை டம்ளர் தண்ணீர், அதற்கும் டீசலுக்கும் நடுவில் கறுப்பு நூல் நூலாக மிதந்தது.

ரிட்டர்ன் குழாயும் அதே கிண்ணத்துக்குள்தான் திறக்கிறது.

பம்ப்ரூம் | சனவரி 14, இரவு 8.30

அந்தக் கடைசி வரியில்தான் உங்கள் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது. எஞ்சினைச் சுற்றிச் சூடாகி வரும் ரிட்டர்ன் டீசல் அந்தக் கிண்ணத்தில் விழுகிறது. டேங்க் முழுக்கச் சூடாக மணிக்கணக்காகும், கிண்ணத்தில் இருக்கும் அரை லிட்டர் சூடாகப் பத்து நிமிடம் போதும். சூடானதும் மெழுகு கரைந்து, டீசல் நீர்த்து, மீதி இருக்கிற கால்வாசி வலையிலேயே தேவையான அளவு புகுந்துவிடுகிறது. மேட்டுப்பாளையத்தில் இருபது டிகிரியில் அந்தக் கால்வாசி எப்போதும் போதும்.

அந்தப் படலம் கிருமிகள். தண்ணீரும் டீசலும் சேருகிற விளிம்பில் வளரும். தண்ணீர் இல்லாமல் வளராது. எங்கிருந்து வருகிறது உங்களுக்கு மட்டும்?

கேத்தி கேரட் | சனவரி 14, இரவு 9.10

சொன்னால் திட்டுவீர்கள். சீசனில் நடுராத்திரி லோடு வந்தால் அந்த நேரத்துக்கு பங்க் திறந்திருக்காது. அதனால் தகரக் கொட்டகையில் ஒரு ட்ரம்மில் டீசல் வைத்திருப்பேன். மூடி சரியாகப் பொருந்தாது. டேங்கையும் எப்போதும் கால் அளவுக்கு மேல் நிரப்புவதில்லை, கையில் காசு இருக்கிறபடி 500, 1000 என்று போடுவது.

நாமக்கல் பத்து சக்கரம் | சனவரி 14, இரவு 9.40

திட்டவில்லை, ஆனால் அந்த ட்ரம்மைத் தூக்கிப் போடுங்கள். பகலில் தகரம் சுடும், இரவில் பனி கொட்டும், ட்ரம் மூச்சு விடும். மூச்சு விடும்போதெல்லாம் ஈரத்தை உள்ளே இழுக்கும். முக்கால் காலியான டேங்கும் அப்படித்தான். எங்கள் முதலாளி வண்டி நிற்கப் போகிற இரவு என்றால் முழு டேங்க் போட்டுத்தான் நிறுத்தச் சொல்வார். கஞ்சத்தனம் பிடித்த மனிதர், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தாராளம்.

கேத்தி கேரட் | சனவரி 17, காலை 10.20

டேங்கை நல்ல டீசல் விட்டு மூன்று தடவை அலசி, வெயிலில் காயவைத்து, புதுச் சல்லடை போட்டேன். லைனில் மீதி இருந்தது வந்திருக்கும் என்று ஃபில்டரையும் மாற்றினேன். எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய், கண்ணாடி டியூப் 60 உட்பட.

இன்று காலை 4 டிகிரி. கோயில் வளைவு, இரண்டாவது கியர், முழு மிதி, கூலன்ட் 19: ரயில் 1,12,000. மேப் 168. பெண்டிங் காலி. முதல் இரண்டு நிமிடம் கொஞ்சம் மந்தம் இருக்கிறது, ஐயா சொன்ன அந்த ஆயில் மந்தம் என்று விட்டுவிட்டேன். மண்டிக்கு முதல் வண்டியாகப் போய்ச் சேர்ந்தேன், கேரட் விலைதான் கிலோவுக்கு நான்கு ரூபாய் இறங்கியிருந்தது.

பழைய டீசல் முப்பது லிட்டர் ட்ரம்மில் இருக்கிறது. துணியில் வடிகட்டி ஊற்றலாமா?

பம்ப்ரூம் | சனவரி 17, காலை 10.45

கூடாது.

டர்போ தம்பி | சனவரி 17, மதியம் 12.30

ஒப்புக்கொள்கிறேன், டர்போ இல்லை. என் காரில் நான் மாற்றியதும் தேவையா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. மாற்றிய பிறகும் குளிரில் லேசாக மந்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குக் கறுப்புப் புகை நன்றாகவே வருகிறது.

பம்ப்ரூம் | சனவரி 17, மதியம் 1.10

அப்படியானால் உங்களுடையது காற்றுப் பக்கம். இன்டர்கூலர் ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள், எங்காவது எண்ணெய்ப் பிசுக்கோடு கரி படிந்த கீறல் இருக்கும். அதைத் தனிப் பதிவாகப் போடுங்கள். காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் எடுத்த எண்களோடு.